தொண்ணூற்று நான்கு மார்க் வாங்கிய குரல்

அலுவலகத்தில் அவளுக்கு மார்க்கக்கா என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவரும் இல்லை. வேலை அப்படி. வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் அது தண்ணீர் இறைக்கவில்லை, குலுங்குகிறது, குலுங்கிக் குலுங்கி வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று ஒரு எண்ணுக்குப் போன் போடுவார்கள். அந்தப் போனை எடுத்துப் பேசுகிறவர்கள் ஐந்தாம் மாடியில் நூற்றிருபது பேர். அவர்கள் பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவுகளில் ஒரு நாளைக்கு இருபத்தைந்தைப் பொறுக்கி, காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவள் பிழைப்பு. வணக்கம் சொன்னதற்கு ஐந்து. பேசுகிறவர் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு ஐந்து. குறுக்கே பேசாமல் இருந்ததற்குப் பத்து. இப்படி இருபத்திரண்டு வரி கொண்ட ஒரு படிவம். எழுதியதே அவள்தான். அது பிடித்துப்போய், கட்டிடத்தின் எல்லா மாடிகளுக்கும் அதையே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் தான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் மேலாளர் நாற்காலி மூன்று முறை காலியானது. மூன்று முறையும் வெளிநாட்டில் படித்த யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்தார். வந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தது அவள். கடைசியாக வந்தவர் அவளைவிட ஆறு வயது சின்னவர். நல்ல மனிதர் வேறு, திட்டக்கூட வழியில்லை. சேர்ந்த இரண்டாம் வாரம், "நீங்க ஏன் மேனேஜ்மென்ட்ல மாஸ்டர்ஸ் பண்ணாம விட்டீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. முப்பத்து நாலு வயதில் வெளிநாடு போய் வணிக மேலாண்மையில் முதுகலை படிப்பது என்று அவள் முடிவெடுத்தது அந்த பஸ்ஸில்தான். கோபத்தில் எடுத்த முடிவு, இரண்டு நாளில் ஆறிவிடும் என்று வீட்டுக்காரர் நினைத்தார். ஒன்றரை வருஷமாகியும் ஆறவில்லை.

வீட்டுக்காரர் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, சரி விடுங்க" என்பதற்கு மேல் அவர் ஒரு நாளில் பேசிவிட்டால் அது பெரிய விஷயம். அப்படிப்பட்டவர் இந்த விஷயத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். "நீ போறதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். பாப்பாவுக்கு என்ன சொல்றதோ அத நீயே சொல்லிடு."

பாப்பாவுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு.

ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். மூன்று, வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டன. இரண்டு, வா என்றன. இரண்டும் இரண்டு நாட்டில் இருந்தன. ஒன்று பெரியது; பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். கண்ணாடியால் கட்டிய கட்டிடம், ஏரி, ஏரியில் வாத்து, வாத்தைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்கள் என்று அறுபது பக்கத்துக்கு வழவழவென்று ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார்கள். மற்றது சின்னது. நாலே பக்கத்தில் பாடங்களின் பட்டியல், பின்பக்கத்தில் பேருந்து நேரம். பாடங்களை வைத்துப் பார்த்தால் சின்னதில் அவளுக்கு வேண்டியது இருந்தது: சேவைத் தொழிலை நடத்துவது எப்படி என்று ஒரு முழுப் பருவம். பெயரை வைத்துப் பார்த்தால் பெரியது.

தரவரிசையில் பார்க்கலாம் என்றால் ஒரு பட்டியலில் பெரியது நாற்பதாவது, இன்னொன்றில் இருநூற்றுப் பத்தாவது. ஆளுக்கொரு தராசு, ஆளுக்கொரு படிக்கல். அவளுடைய அண்ணனுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. இதைப் பற்றி மூன்று இருந்தன. "பேர் தெரியாத ஊருக்குப் போய்ப் படிச்சா, அப்புறம் பாக்குறவங்களுக்கெல்லாம் அந்த ஊர் எங்க இருக்குன்னு சொல்றதே உனக்கு வேலையாப் போயிடும்" என்றான். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது.

ஆனால் இதெல்லாம் மேலுக்கு. அவளை அரித்தது ஒரே கேள்விதான். பாப்பாவை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? வீட்டுக்காரருக்கு இரவு முறை, பகல் முறை என்று மாறி மாறி வேலை. அவர் ஏழு வயதுக் குழந்தையைத் தனியாகச் சமாளித்துவிடுவார், சந்தேகமில்லை. சந்தேகம் அவள் மேல்தான். இரண்டு வருஷம் குழந்தையை விட்டு இருக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அப்படி இருந்துவிட்டால் அது இன்னும் மோசம் என்றும் தெரியும். இரண்டு பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கத்தையும் முப்பது முறையாவது படித்திருப்பாள். காலையில் படித்தால் கூட்டிவரலாம் என்பது மாதிரி இருக்கும். சாயங்காலம் படித்தால் கூடாது என்பது மாதிரி இருக்கும். "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று இரண்டிலும் இருந்தது. அந்த நிபந்தனைகள் எங்கே இருக்கின்றன என்பது ஒன்றிலும் இல்லை.

சரி, நமக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தோன்றியது. ஒரு நிறுவனம் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால், அதற்குப் போன் போட்டுப் பார்த்தால் போதும். பன்னிரண்டு வருஷமாகக் காதாலேயே பிழைக்கிறவள்; எடுத்த எடுப்பில் மறுமுனையின் மூச்சை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். திங்கட்கிழமை அவளுக்கு வார விடுப்பு. பாப்பா பள்ளிக்கூடம் போனதும், படிவத்தில் இரண்டு நகல் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெரியதில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஒரு பெண் குரல். அவள் பெயரை ஒரு முறை கேட்டுவிட்டு, அதன்பின் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னது. அவசரமில்லாத, எந்த நாட்டு உச்சரிப்பு என்று பிடிபடாத, சுத்தமான ஆங்கிலம். குழந்தையைப் பற்றிக் கேட்டபோது உடனே பதில் சொல்லவில்லை. சின்னதாக ஒரு இடைவெளி விட்டு, "ஒரு தாயாக உங்கள் கவலை எனக்குப் புரிகிறது" என்றது. காத்திருக்கச் சம்மதமா என்று கேட்டது. நாற்பது விநாடி என்று சொல்லி முப்பத்தைந்தில் திரும்பி வந்தது. "தாராளமாகக் கூட்டி வரலாம். எத்தனையோ மாணவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எழுத்திலும் வந்துவிடும்" என்றது. போனை வைத்தபோது அவள் தோள் இரண்டும் தளர்ந்திருந்தன. அவ்வளவு நேரம் அவற்றை இறுக்கிவைத்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது. கூட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இப்படி ஒரு மார்க்கை அவள் யாருக்கும் போட்டதில்லை. காத்திருந்தபோது ஒலித்த இசை கொஞ்சம் இரைச்சல் என்பதால்தான் ஆறு போனது. அந்தக் குரலுக்குத் தேன்குரல் என்று மனதுக்குள் பெயரும் வைத்துவிட்டாள்.

சின்னதற்கு, அந்த ஊரில் அலுவலகம் திறக்கிற மத்தியானம் வரைக்கும் காத்திருந்து போட்டாள். பத்தொன்பது மணி அடித்தது. எடுத்தவர் முதலில் தும்மினார். பெயரைத் தப்பாகச் சொன்னார், திருத்திய பிறகு வேறு விதமாகத் தப்பாகச் சொன்னார். நடுவில் காகிதம் புரட்டும் சத்தம். குழந்தையைப் பற்றிக் கேட்டதும், "தெரியாது" என்றார். போன வருஷம் ஒரு விதி இருந்தது, இப்போது மாறியிருக்கலாம், இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டும், விசாரித்து எழுதுகிறேன் என்றார். எப்போது என்று கேட்டாள். அதுவும் தெரியாது என்றார். மறுபடி தும்மினார். நாற்பத்தொன்று. வாஷிங் மெஷின்காரர்களில் ஒருவர் இந்த மார்க் வாங்கியிருந்தால் மறுநாளே பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்காரர் வந்ததும் இரண்டு தாளையும் காட்டினாள். அவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நான் உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு எவ்வளவு போட்ட?"

"நீங்க வாயே தொறக்கலையே. எதுக்குப் போடறது?"

அவர் சிரித்தார். பிறகு, "போன் எடுக்கறவங்கதான் பாடம் நடத்தப்போறாங்களா?" என்று கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. வாசலில் நிற்கிறவரை வைத்தே வீட்டைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பாட்டம் பேசினாள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பாப்பாவைக் குளிப்பாட்டும்போது, "அம்மா படிக்கப் போற ஊருக்கு நீயும் வர்ற" என்று சொல்லிவிட்டாள். எழுத்தில் வரட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தாள். வாய் முந்திக்கொண்டது. புதன்கிழமை காலை சின்னப் பல்கலைக்கழகத்துக்கு, தாங்கள் தந்த இடத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். பெரியதற்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். எல்லாம் முடிந்த மாதிரிதான்.

முடிந்த மாதிரி இருந்ததே தவிர, முடியவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆயிற்று. எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மறுபடி போன் போட்டாள். வேறொரு குரல், அதுவும் இனிக்க இனிக்க, இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரம் என்றது. வியாழக்கிழமை பாப்பாவின் டைரியில் டீச்சர் எழுதியிருந்தார்: "தங்கள் மகள் வெளிநாடு செல்வதாகக் கூறி, வகுப்புத் தலைவி பொறுப்பைத் தன் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். விவரம் தெரிவிக்கவும்." அதை அவள் நான்கு முறை படித்தாள். என்ன எழுதுவதென்று தெரியாமல், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டார். மூன்றாம் மாடியில் மார்க் போடுகிறவருக்குக் குடல்வால் அறுவை. ஒரு நாள் அங்கே போய்க் கைகொடுக்க முடியுமா என்றார். அந்தக் கட்டிடத்தில் ஒவ்வொரு மாடியும் ஒரு தனி நாடு. மாடிக்கு மாடி வேறு நுழைவு அட்டை, வேறு வாடிக்கை நிறுவனம். எந்த மாடியில் எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. மூன்றாம் மாடியை 'கே' என்பார்கள், அவ்வளவுதான். அவள் தற்காலிக அட்டை வாங்கிக்கொண்டு போய், ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டி, முதல் பதிவைத் தட்டினாள்.

முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிட்டது. அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, சேர்க்கை உதவி மையத்தை அழைத்ததற்கு நன்றி என்றது ஒரு குரல். அடுத்த பதிவைத் தட்டினாள். அதே வாக்கியம், வேறு குரல். மூன்றாவதில் தேன்குரல்.

கடல் கடந்து எங்கோ ஒரு ஏரிக்கரையிலிருந்து பேசுவதாக நினைத்த குரல், அவள் நாற்காலிக்கு இரண்டு மாடி கீழேயிருந்து பேசியிருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. முதலில் அவளுக்கு வந்தது வெட்கம். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, பயிற்சி கொடுத்துப் பழக்கிய குரலையும் இயல்பான குரலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே என்று. பிறகுதான் பயம் வந்தது.

தன் அழைப்பைத் தானே தேடிக் கேட்பது விதிப்படி தப்பு. அவள் தன் போன் எண்ணைத் தட்டினாள். திங்கட்கிழமை, பதினொரு நிமிஷம் எட்டு விநாடி. பதிவில் தன் குரலைக் கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு கெஞ்சலாகவா பேசினோம் என்று நினைத்தாள். ஒரு தாயாக உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. காத்திருக்கச் சம்மதமா? சம்மதம்.

வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இந்தத் தொழிலில் உண்டு. காத்திருக்கிறவர் காதில்தான் இசை ஓடும், பதிவு நிற்காது. பேசுகிறவரின் மைக் திறந்தே இருக்கும். திங்கட்கிழமை அவள் இசை கேட்டுக்கொண்டிருந்த முப்பத்தைந்து விநாடியும் அங்கே அப்படியே இருந்தது, தமிழில்.

"ஏய், கொழந்தைய மொத நாளே கூட்டிட்டு வரலாமான்னு கேக்குறாங்க. தாள்ல ஒண்ணுமே போடலையே."

"போன வருஷம் வரைக்கும் விட்டாங்க. இப்ப இல்லைன்னு யாரோ சொன்னாங்க. சரியாத் தெரியல."

"தெரியலைன்னு சொல்லிடவா?"

"சொல்லு, மார்க் போகட்டும். ஆமான்னு சொல்லி விடு. வந்ததுக்கப்புறம் அங்க இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

"பாவம்ப்பா, குரலே நடுங்குது."

"அப்ப இன்னும் நல்லா சொல்லு."

பிறகு தேன்குரல், காத்திருந்ததற்கு நன்றி என்றது.

காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து ஒரு அடி வைத்தவள், எங்கே போகிறோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். சின்னதை வேண்டாம் என்று எழுதியாயிற்று. குழந்தையிடம் சொல்லியாயிற்று. குழந்தை தலைவிப் பதவியையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறது. இதையெல்லாம் செய்தது ஒரு முப்பத்தைந்து விநாடி. அந்தப் பெண்ணின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது.

இருக்கை எண் பதிவிலேயே இருந்தது. தேடிக்கொண்டு போனாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்மணி, ஏசி குளிருக்கு ஆம்பிளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று தண்ணீர் மெஷின் பக்கம் கூட்டிப் போனாள். தமிழில் பேசும்போது அந்தக் குரலில் தேனுமில்லை, பாகுமில்லை. கரகரவென்று சாதாரணமாக இருந்தது.

"திங்கக்கெழம ஒரு கால். கொழந்தையக் கூட்டிட்டு வரலாமான்னு. அது நான்தான்."

அந்தப் பெண்மணி இவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? இதே பில்டிங்கா?"

"ஏங்க ஆமான்னு சொன்னீங்க?"

"வேற என்னங்க சொல்றது? தெரியாதுன்னு சொன்னா 'தெளிவான பதில்'ங்கற வரில பதினஞ்சும் போச்சு. ஒரு தடவ போனா வார்னிங். ரெண்டாவது தடவ ட்ரெய்னிங்ல சின்னப் பசங்களோட உக்கார வெப்பாங்க. மூணாவது தடவ நாற்காலியே இல்ல. எனக்கு ரெண்டு தடவ ஆயிடுச்சு." ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். "அந்தப் பேப்பர எழுதின மகராசி யாருன்னு தெரியல. என்னிக்காவது கண்ணுல பட்டா நாலு வார்த்த கேக்கணும்னு இருக்கேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அது நான்தான் எழுதினேன்."

நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அந்தப் பெண்மணி மூடியைத் திருகி மூடினாள். "அப்ப சரியாப் போச்சு. நீங்க எனக்கு, நான் உங்களுக்கு" என்றாள். பிறகு, "இருங்க. எங்க சூப்பர்வைசர்கிட்ட அந்த யுனிவர்சிட்டி ஆபீஸ் நம்பர் ஒண்ணு இருக்கு. எங்களத் தொட விட மாட்டாங்க. இன்னிக்குத் தொடுறேன்" என்று உள்ளே போனாள்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கூடாதாம்மா. போன வருஷத்துலேருந்து மாத்திட்டாங்களாம். இந்தப் படிப்புக்குக் கடைசி வரைக்கும் கூடாதாம். ரெண்டு வருஷமும்." கொஞ்சம் நின்று, "மன்னிச்சிக்கங்க" என்றாள். அதில் இடைவெளியெல்லாம் அளந்து விடவில்லை.

மணி இரண்டரை. சின்னப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் அலுவலகம் திறக்கிற நேரம். மாடிப்படியில் போய் உட்கார்ந்து போன் போட்டாள். மணி அடித்தது. அவள் எண்ணவில்லை; எண்ணுகிற நிலையில் இல்லை. புதன்கிழமை அனுப்பிய மின்னஞ்சல் என்ன ஆகியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் படித்து, பதிவு செய்து, இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்குக் கொடுத்திருப்பார்கள். அவள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்வார்கள்; செய்யாவிட்டால் அவளே மார்க் குறைப்பாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். தும்மினார்கள்.

பெயரைச் சொன்னாள். அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னார். அவள் திருத்தவில்லை. புதன்கிழமை ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், அதைப் பற்றித்தான் என்றாள்.

புதன்கிழமையா என்று அவர் பெருமூச்சு விட்டார். கூட வேலை செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், தான் ஒருவன்தான், முந்நூறு மின்னஞ்சல் கிடக்கிறது, வந்த வரிசையில் திறந்துகொண்டு வருகிறேன், இன்னும் திங்கட்கிழமையே முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டார்.

அதைப் படிக்காமலே விட்டுவிட முடியுமா என்று கேட்டாள்.

வந்ததை அழிக்க எனக்கு அதிகாரமில்லை, ஆனால் முன்னதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இன்னொன்று அனுப்புங்கள், உங்கள் பெயரில் வருவதில் கடைசியாக வந்ததைத்தான் நான் முதலில் திறப்பேன் என்றார். அப்புறம், உங்கள் குழந்தை விஷயம், என்றார். இரண்டு இடத்தில் கேட்டேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள், அதனால்தான் நாலு நாள் ஆனது. முதல் நான்கு மாதம் கூட்டி வர முடியாது. நீங்கள் வந்து, உங்கள் பெயரில் வீடு எடுத்து, பள்ளியில் இடம் வாங்கிக் காட்டிய பிறகு கூட்டி வரலாம். உங்களுக்கு வேண்டிய பதில் இது இல்லை என்று தெரியும். எழுத்திலும் அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்த்தாள். வந்திருந்தது. எந்த விதி, எந்தப் பத்தி என்பது வரைக்கும் இருந்தது. அவள் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.

போனை வைத்துவிட்டு அதே படியில் உட்கார்ந்திருந்தாள். இடம் இருக்கிறது என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நான்கு மாதம் என்பது மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் விட்டுவிட்டால்? ஐந்தாம் மாடிக்கு ஏறிப் போய், வாஷிங் மெஷின் கேட்டு, ஐந்தரைக்கு பஸ் பிடித்தால்? யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அண்ணன், நான் அப்பவே சொன்னேன் என்பான். மேலாளர் எப்போதும்போல நல்லவராக இருப்பார். நாலாவதாக ஒருவர் வருவார், அவருக்கும் அவளே வேலை சொல்லிக் கொடுப்பாள். இதுவரைக்கும், பாப்பாவைக் கூட்டிப் போக முடிந்தால் போவேன், முடியாவிட்டால் இல்லை என்று முடிவை யாரோ ஒரு அலுவலரின் வாயில் வைத்திருந்தாள். இப்போது எல்லா அலுவலரும் பேசி முடித்துவிட்டார்கள். அவள்தான் மிச்சம். இருபது நிமிஷம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டாவது மின்னஞ்சலை அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போய்ப் பாக்கிப் பதிவுகளைக் கேட்டாள். தன் அழைப்பில், "சொந்த அழைப்பு, மதிப்பிடக் கூடாது" என்று எழுதி ஒதுக்கினாள். தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்பதற்குப் பதினைந்தும் தரலாமே என்று மேலாளருக்கு ஒரு குறிப்பு அனுப்பினாள். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று உடனே பதில் வந்தது.

வீட்டில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "நான் சொல்லட்டுமா அவகிட்ட?" என்றார். தான் போட்ட நிபந்தனையைத் தானே எடுக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"வேணாம். நான்தானே அவகிட்ட நீயும் வர்றன்னு சொன்னேன்."

பாப்பா தரையில் குப்புறப் படுத்து ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. அவளும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பாப்பா, அம்மா உன்கிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். நீ மொத நாளே என்கூட வர முடியாது. நாலு மாசம் நான் மட்டும் அங்க இருக்கணும். அப்புறம்தான் நீ வரலாம்."

பாப்பா வண்ணம் தீட்டுவதை நிறுத்தவில்லை. "நாலு மாசம்னா எத்தன நாள்?"

"நூத்தி இருவது."

கோட்டுக்குள் அடங்காமல் பச்சை வெளியே போயிற்று. குழந்தை பென்சிலைக் கீழே வைத்தது.

"என்னக் கூட்டிட்டு வரவேணாம்னு அவங்க சொன்னாங்களா, நீ சொன்னியா?"

அவங்கதான் சொன்னாங்க என்பது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், குழந்தை அந்த யாரோ அவங்களைத் திட்டிவிட்டுத் தூங்கியிருக்கும். வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டு, எக்ஸ்ரே அறையில் மற்றவர்களைச் செய்யச் சொல்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதான் சொன்னாங்க. ஆனா, பரவால்ல, நான் மட்டும் வர்றேன்னு அவங்ககிட்ட சொன்னது நான்."

பாப்பா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தது. அழும் என்று நினைத்தாள், அழவில்லை. எழுந்து அப்பாவிடம் போகும் என்று நினைத்தாள், போகவில்லை.

"அப்ப நூத்தி இருவது நாளும் நீதான் எனக்கு போன் பண்ணணும். நான் பண்ண மாட்டேன்" என்றது.

அவள் சரி என்றாள்.